தொழிலை விட்டு இறையியல் படிக்க: எந்தச் சீர்திருத்த செமினரி யாருக்குப் பொருந்தும்?

நாற்பதைத் தொட்ட வயது. கையில் ஓடிக்கொண்டிருக்கும் தொழில், அல்லது ஒரு நிறுவனத்தில் பொறுப்பான பதவி. சபையில் வேதபாடம் எடுத்துப் பழக்கம் உண்டு. சீர்திருத்த இறையியலின் முன்னோடிகளான கால்வினையும் பியூரிட்டன்களையும் சில வருடங்கள் படித்ததில், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற பாரம் இறங்கிவிட்டது. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: போதகர்களைப் பயிற்றுவிக்கும் அமெரிக்கச் செமினரிகளில் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போகலாமா, ஆர்.டி.எஸ். எனப்படும் ரிஃபார்ம்ட் தியாலஜிக்கல் செமினரிக்கா, கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்துச் செமினரிகளுக்கா? டல்லாஸிலோ சார்லட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள். கோவையில் பட்டறை நடத்திக்கொண்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இது இரண்டாவதாக வரவேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. உங்களைச் சோதித்து, தலையில் கை வைத்து, போதகராக நிறுத்தப்போகும் சபை எது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் செமினரிப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

சபை. செமினரி பட்டம் தரும். ஊழியத்துக்கு நியமிப்பது சபை. அமெரிக்காவின் பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் அந்த அதிகாரம் பிரெஸ்பிட்டரி எனப்படும் வட்டார மன்றத்திடம் இருக்கிறது. 1973இல் உருவான பி.சி.ஏ. (பிரெஸ்பிட்டேரியன் சர்ச் இன் அமெரிக்கா) சபையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருவர் ஊழிய வேட்பாளராக விண்ணப்பிக்குமுன் குறைந்தது ஆறு மாதம் தன் சபையில் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். பிறகு குறைந்தது ஒரு வருடப் பயிற்சி ஊழியம். அதற்கும் பிறகுதான் தேர்வுகள்.

அந்தத் தேர்வு ஒன்றை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு சபையின் ஆராதனை மண்டபத்தில் நடக்கும். போதகர்களும் மூப்பர்களும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்க, வேட்பாளர் முன்னால் தனியாக நிற்பார். ஓசியா புத்தகத்தின் செய்தி என்ன என்று ஒருவர் கேட்பார். ஆதாமோடு செய்யப்பட்ட கிரியைகளின் உடன்படிக்கையை வேதத்திலிருந்து காட்டச் சொல்வார் இன்னொருவர். இந்தச் சபைகளின் கோட்பாட்டு ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையில் எந்த இடத்தில் உங்களுக்கு உடன்பாடில்லை, ஏன் என்று விளக்கச் சொல்வார்கள். ஓய்வுநாள் பற்றிய பகுதியில் பலரும் இங்கே நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு விவாதித்து வாக்கெடுப்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு உங்களைத் தயார்படுத்தும் செமினரி எது, அந்த மன்றத்தில் இருப்பவர்கள் அறிந்து நம்பும் செமினரி எது என்பது அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிடும்.

‘ரிஃபார்ம்ட்’ என்ற பெயரை மட்டும் நம்பியும் போகக் கூடாது. வேலூர், ஆற்காடு பக்கத்து வாசகர்கள் ஸ்கடர் குடும்பத்தை அறிவார்கள். 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய அவர்கள் ‘ரிஃபார்ம்ட் சர்ச் இன் அமெரிக்கா’ என்ற சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையின் நியூ பிரன்ஸ்விக் செமினரி 1784இல் தொடங்கியது. இன்றும் அது இயங்குகிறது. ஆனால் அதன் போக்கும் வெஸ்ட்மின்ஸ்டரின் போக்கும் வெகுதூரம் விலகியவை. செமினரியின் பெயரைப் பார்ப்பதைவிட, அதன் பேராசிரியர்கள் எந்த விசுவாச அறிக்கையில் கையெழுத்திடுகிறார்கள், அதை எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதே சரி.

விசுவாசிகளின் ஞானஸ்நானத்தைக் கைக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரும் ஆர்.டி.எஸ்.ஸும் உங்களை மாணவராகச் சேர்த்துக்கொள்ளும். அறிக்கையில் கையெழுத்திட வேண்டியது பேராசிரியர்கள்தான், மாணவர்கள் அல்ல. ஆனால் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத ஒருவரை பி.சி.ஏ. போதகராக நிறுத்தாது. படித்து முடித்த பிறகு இந்தச் சுவரில் முட்டிக்கொள்வது பெரும் வேதனை.

பணம். போதகப் பயிற்சிக்கான எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) பட்டத்துக்கு இந்தச் செமினரிகளில் ஏறக்குறைய 100 கிரெடிட் அல்லது அதற்கு மேல் படிக்க வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 600 டாலர் என்று வைத்துக்கொண்டாலே 60,000 டாலர். உதவித்தொகை இதைக் கணிசமாகக் குறைக்கும். உங்கள் சபை ஒரு பங்கு கொடுத்தால் செமினரியும் ஒரு பங்கு தள்ளுபடி செய்யும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. எனவே கட்டணம் பலரைத் தடுப்பதில்லை. தடுப்பது மூன்று நான்கு வருடம் வராமல் போகும் வருமானம், மருத்துவக் காப்பீடு, வாடகை, பிள்ளைகளின் பள்ளி.

தொழில் செய்தவருக்கு இதிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சம்பளக்காரர் ராஜினாமா கொடுத்தால் முடிந்தது. தொழிலதிபர் வராத பாக்கிகளை வசூலிக்க வேண்டும், பங்காளியோடு கணக்கு முடிக்க வேண்டும், வங்கிக் கடனுக்குக் கொடுத்த தனிப்பட்ட உத்தரவாதத்திலிருந்து விடுபட வேண்டும். ‘படித்துக்கொண்டே தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன்’ என்பது எபிரேய வினைச்சொற்கள் தொடங்கும் வாரம்வரைதான் நடக்கும். விற்க வேண்டியதை விற்று, ஒப்படைக்க வேண்டியதை எழுத்துமூலம் ஒப்படைத்த பிறகே கிளம்புங்கள்.

கடன் வாங்கிப் படிப்பதை நான் எதிர்க்கிறேன். நூறு பேர் கூடும் ஒரு சிறிய சபை உங்களை அழைக்கும்போது, மாதத் தவணைக்காக அந்த அழைப்பை மறுக்க வேண்டி வந்தால், படித்த படிப்பின் நோக்கமே கெட்டுவிடும்.

விசா. இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர், முதல் வருடச் செலவுக்கான பணம் இருப்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்யலாம். எஃப்-2 விசாவில் வரும் மனைவி வேலை செய்யவே முடியாது. இணைய வகுப்புகளும் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒன்றுக்கு மேல் சேராது. ஏற்கெனவே எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர் வேலையை விட்டால், பொதுவாகக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஆனால் வேலையில் இருந்துகொண்டே அவர் பகுதிநேரமாகப் படிக்கலாம். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் எதையும் மாற்ற வேண்டாம்.

குடும்பம், மொழி. மனைவியின் மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள் என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மொழியைப் பொறுத்தவரை, கிரேக்கமும் எபிரேயமும் எம்.டிவ். பட்டத்தில் கட்டாயம். நாற்பது வயதில் மனப்பாடம் மெதுவாகத்தான் ஏறும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏறிவிடும்.

## ஒரே பார்வையில்

| செமினரி | இடம், தொடக்கம் | சபைத் தொடர்பு | படிக்கும் முறை | யாருக்கு |
|---|---|---|---|---|
| வெஸ்ட்மின்ஸ்டர் | பிலடெல்பியா, 1929 | தனித்து இயங்குவது, ஓ.பி.சி. (ஆர்த்தடாக்ஸ் பிரெஸ்பிட்டேரியன் சபை), பி.சி.ஏ. நெருக்கம் | நேரடி, இணையம் | ஆழ்ந்த வேத ஆய்வும் விசுவாசத் தற்காப்பும் தேடுபவர் |
| வெஸ்ட்மின்ஸ்டர் கலிபோர்னியா | எஸ்கோண்டிடோ, 1980 | தனித்து இயங்குவது, யு.ஆர்.சி. (யுனைட்டட் ரிஃபார்ம்ட் சபைகள்), ஓ.பி.சி., பி.சி.ஏ. | நேரடி | குடும்பத்தோடு இடம்பெயரத் தயாரானவர் |
| ஆர்.டி.எஸ். | ஜாக்சன், 1966, பல நகரங்களில் கிளைகள் | தனித்து இயங்குவது, பி.சி.ஏ. நெருக்கம் | நேரடி, பகுதிநேரம், இணையம் | வேலையை உடனே விட முடியாதவர் |
| கவனன்ட் | செயின்ட் லூயிஸ், 1956 | பி.சி.ஏ.வின் சொந்தச் செமினரி | நேரடி, இணையம் | பி.சி.ஏ. போதகராகவோ ஆலோசகராகவோ விரும்புபவர் |
| கால்வின் | கிராண்ட் ராப்பிட்ஸ், 1876 | சி.ஆர்.சி.யின் (கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட் சபை) சொந்தச் செமினரி | நேரடி, தொலைநிலை | சி.ஆர்.சி. சபையில் இருப்பவர் |
| பியூரிட்டன் ரிஃபார்ம்ட் | கிராண்ட் ராப்பிட்ஸ், 1995 | ஹெரிட்டேஜ் ரிஃபார்ம்ட், ஃபிரீ ரிஃபார்ம்ட் சபைகள் | நேரடி, இணையம் | வெளிநாட்டிலிருந்து வந்து ஊர் திரும்ப இருப்பவர் |

## வெஸ்ட்மின்ஸ்டர், பிலடெல்பியா

பிரின்ஸ்டன் செமினரி 1929இல் மறுசீரமைக்கப்பட்டு அதன் பழைய இறையியல் நிலைப்பாடு கைநழுவியபோது, அங்கே பேராசிரியராக இருந்த கிரெஷாம் மேச்சன் வெளியேறித் தொடங்கியது இது. ராபர்ட் டிக் வில்சன், ஆஸ்வல்ட் ஆலிஸ், கொர்னேலியஸ் வான் டில் போன்றோர் அவரோடு சேர்ந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் 50 மாணவர்களோடு பைன் தெருவில் ஒரு வீட்டில் வகுப்புகள் தொடங்கின. அடுத்த மாதம் பங்குச் சந்தை சரிந்தது. அப்படியும் செமினரி நின்றது.

இதன் பலம் இரண்டு. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை மீட்பின் வரலாறாக வேதத்தை வாசிக்கும் முறை ஒன்று. வான் டில் வகுத்த விசுவாசத் தற்காப்பு இன்னொன்று. எல்லாச் சிந்தனையும் ஏதோ ஒரு முன்நம்பிக்கையிலிருந்தே தொடங்குகிறது, நடுநிலையான தளம் என்று எதுவும் இல்லை என்பது அதன் சாரம். பல மத நம்பிக்கைகளுக்கு நடுவே சாட்சி சொல்ல வேண்டிய தமிழ்க் கிறிஸ்தவருக்கு இது மிகவும் பயன்படும் பயிற்சி என்று நினைக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு, படிப்பின் பளு. வணிகத்தில் விரைவாக முடிவெடுத்துப் பழகியவருக்கு, ஒரு வசனத்தின் மேல் இருபது பக்கக் கட்டுரை எழுதுவது முதல் வருடத்தில் மூச்சுத் திணற வைக்கும். ஆங்கில எழுத்தில் தடுமாற்றம் உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

## வெஸ்ட்மின்ஸ்டர் கலிபோர்னியா

பிலடெல்பியாவின் கிளையாகத் தொடங்கி 1982இல் தனியானது. போதகர் உருவாவது பேராசிரியரோடும் சக மாணவரோடும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதில்தான் என்ற நம்பிக்கையில், நேரடி வகுப்பை விடாப்பிடியாக வலியுறுத்துகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையோடு, ஹைடல்பர்க் வினாவிடை உள்ளிட்ட ஐரோப்பிய சீர்திருத்த அறிக்கைகளையும் பேராசிரியர்கள் ஏற்கிறார்கள். நியாயப்பிரமாணத்துக்கும் சுவிசேஷத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிரசங்கத்தில் கூர்மையாகப் பிடிப்பது இவர்களின் தனி முத்திரை. உடன்படிக்கை இறையியலின் சில நுணுக்கங்களில் பிலடெல்பியாவோடு கருத்து வேறுபாடுகளும் உண்டு. உங்கள் போதகர் எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்று கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

சான் டியேகோ வட்டாரத்தில் வாழ்க்கைச் செலவு அதிகம். இதை உணர்ந்தே வளாகத்தில் மாணவர் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மூன்று நான்கு வருடம் படிப்புக்கென்றே வாழ முடிந்தவருக்கு, என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். பக்கத்து வீட்டு மாணவரோடு இரவில் மத்தேயுவைப் பற்றி வாக்குவாதம் செய்வது இணையத்தில் கிடைக்காது.

## ஆர்.டி.எஸ்.

மிசிசிப்பியில் தொடங்கி, ஆர்லாண்டோ, சார்லட், வாஷிங்டன், அட்லாண்டா, ஹூஸ்டன், டல்லாஸ், நியூயார்க் என்று பரவியிருக்கிறது. இந்தப் பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: தமிழர்கள் அதிகம் வேலை பார்க்கும் ஊர்கள். சிறிய கிளைகள் பலவற்றில் மாலை, வார இறுதி, சில நாட்களில் முடியும் தொடர் வகுப்பு என்று வேலைக்குப் போவோருக்கு ஏற்ப நேரங்களை அமைத்திருக்கிறார்கள். எச்-1பியில் இருக்கும் ஒருவர் வேலையை விடாமல், வீட்டை மாற்றாமல், தன் சபையை விட்டு நகராமல் தொடங்கக்கூடிய வழி இதுதான்.

மறைந்திருக்கும் செலவு காலம். பகுதிநேரத்தில் எம்.டிவ். ஆறு ஏழு வருடம் இழுத்துவிடும். பாதியில் நின்றுபோவதும் இந்த வழியில்தான் எளிது. இன்னொன்று: கிளைக்குக் கிளை பேராசிரியர்களும் சூழலும் வேறுபடும், சார்லட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதை ஹூஸ்டனுக்குப் பொருத்த முடியாது. எஃப்-1 விசாவில் வர நினைப்பவர், அந்தக் குறிப்பிட்ட கிளைக்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.

## கவனன்ட்

பி.சி.ஏ. போதகராக வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லாதவருக்கு இது நேர்வழி. சபையின் மொத்த வலையமைப்பும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆலோசனை ஊழியத்துக்கான படிப்பிலும் பெயர் பெற்றது. கண்டிப்பான பிரெஸ்பிட்டரிகள் சிலவற்றில், இதைவிட வெஸ்ட்மின்ஸ்டர் பட்டத்துக்கு மதிப்பு கூடுதலாக இருக்கும். செயின்ட் லூயிஸின் வாழ்க்கைச் செலவு, இரு கடற்கரை நகரங்களோடு ஒப்பிட்டால் கையைக் கடிக்காது.

## கிராண்ட் ராப்பிட்ஸின் இரண்டு செமினரிகள்

ஒரே ஊரில் இருந்தாலும் கால்வினும் பியூரிட்டனும் இரு வேறு உலகங்கள். கால்வின் செமினரி லூயிஸ் பெர்காஃப் போன்ற இறையியலாளர்கள் கற்பித்த இடம். கால்வின் ஆய்வுக்கு அங்கிருக்கும் நூலகம் பெயர் பெற்றது. அதைச் சார்ந்த சி.ஆர்.சி. சபை பெண்களையும் போதகர்களாக நியமிக்க இடம் தருகிறது. எனவே போதக ஊழியத்தை நாடும் பெண்களுக்கு இந்தப் பட்டியலில் உண்மையான வழி இது ஒன்றுதான். மனிதப் பாலுறவு குறித்த 2022ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பிறகு சி.ஆர்.சி.யிலிருந்து சில சபைகள் பிரிந்திருக்கின்றன. அந்தச் சபையில் ஏற்கெனவே வேர்விடாதவர் இப்போது புதிதாக அங்கே நுழைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பியூரிட்டன் ரிஃபார்ம்ட் செமினரியை ஜோயல் பீக்கி உருவாக்கினார். இறையியல் அறிவு மாணவனின் ஜெபத்திலும் மனசாட்சியிலும் வேர்பிடிக்க வேண்டும் என்பதில் இங்கே பெரும் அழுத்தம். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள், படித்துவிட்டுத் தங்கள் நாட்டுக்குத் திரும்புகிறார்கள். தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ திரும்பி ஊழியம் செய்யத் தீர்மானித்தவருக்கு இந்தச் சூழல் பெரிய துணை. அமெரிக்காவிலேயே பி.சி.ஏ. போதகராக நினைப்பவருக்கு, இந்தச் செமினரி சார்ந்த சபைகள் சிறியவை என்பதால் தொடர்புகள் குறைவு. மிச்சிகனின் பனிக்காலத்தை முதன்முறையாகச் சந்திக்கும் குடும்பத்துக்குக் குளிர்கால உடைகள், கார், வெப்பமூட்டும் செலவு எல்லாம் தனிக் கணக்கு.

1810இல் தொடங்கி இப்போது பிட்ஸ்பர்க்கில் இயங்கும் ரிஃபார்ம்ட் பிரெஸ்பிட்டேரியன் செமினரி, தென் கரோலினாவின் கிரீன்வில், இந்தியானாவின் மிட்-அமெரிக்கா ஆகியவையும் நல்லவை. அவற்றைச் சார்ந்த சபைகளில் நீங்கள் இருந்தால் அவற்றையே முதலில் பாருங்கள்.

## ஊரைவிட்டுப் போகாமல்

தமிழ்நாட்டில்தான் ஊழியம் என்றால், அமெரிக்கப் பட்டம் எதற்கு என்ற கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். சி.எஸ்.ஐ. திருமண்டலங்களில் குருப்பட்டம் பெற, பொதுவாக, இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டோடு இணைந்த கல்லூரிகளின் வழியே போக வேண்டும். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி அவற்றில் ஒன்று. பிலடெல்பியா எம்.டிவ். அங்கே தானாகக் கதவைத் திறக்காது. அதேபோல, அந்தக் கல்லூரிகள் சீர்திருத்த அறிக்கைகளின்படி கற்பிப்பவை அல்ல. சீர்திருத்தப் பயிற்சியை நாட்டுக்குள்ளேயே பெற விரும்புபவர் டேராடூனிலுள்ள பிரெஸ்பிட்டேரியன் தியாலஜிக்கல் செமினரியை விசாரிக்கலாம். செலவு அமெரிக்காவோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. உடன் படிப்பவர்களும் இந்தியாவில் ஊழியம் செய்யப்போகிறவர்கள்.

அமெரிக்கச் செமினரியின் இணையப் படிப்பை இந்தியாவிலிருந்தே படிக்க விசா தேவையில்லை. தொழிலை மூடவும் தேவையில்லை. மூப்பராக, வேத ஆசிரியராக, எழுத்தாளராக இருக்கப்போகிறவருக்கு எம்.ஏ. பட்டமே போதும். அவர் தொழிலை விடுவதைவிட, தொழிலில் இருந்தபடி சபைக்குக் கைகொடுப்பது மேல் என்பதை நான் பலரிடம் வலியுறுத்தியிருக்கிறேன். பிரசங்க பீடம் ஏறப்போகிறவருக்கு மட்டும் இணையம் போதாது. அவரைப் பிரசங்கிக்க வைத்து, முகத்துக்கு நேரே திருத்துகிற ஆட்கள் வேண்டும்.

## முடிவெடுக்குமுன் ஒரு வருடம்

தொழிலை மூடுமுன் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடத்தில் கிரேக்கம் ஒரு பாடம், சபை வரலாறு ஒரு பாடம் இணையத்தில் பணம் கட்டிப் படியுங்கள். சபையில் மாதம் ஒருமுறையாவது பிரசங்கிக்க மூப்பர்களிடம் வாய்ப்புக் கேளுங்கள். தொழிலில் எடுக்கும் பணத்தைக் குறைத்து, செமினரி நாட்களுக்குத் திட்டமிட்ட தொகையில் குடும்பம் நடத்திப் பாருங்கள். இந்த மூன்றில் எது முதலில் உடைகிறது என்பது, எந்தச் செமினரி என்பதைவிட முக்கியமான செய்தி.

பிறகு இரண்டு செமினரிகளுக்காவது நேரில் போய் வாருங்கள், மனைவியோடு. வகுப்பில் உட்காருங்கள். சேர்க்கை அலுவலகத்தில் சொல்வதைக் கேட்டுவிட்டு, மூன்றாம் வருடம் படிக்கும், உங்கள் வயதுள்ள, பிள்ளைகள் உள்ள மாணவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள்: கடன் எவ்வளவு, எந்தச் சபையில் பயிற்சி, பேராசிரியர் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறார், படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே. மனைவி இன்னொரு மாணவரின் மனைவியோடு தனியாகப் பேசட்டும். விண்ணப்பத்துக்குத் தேவையான பரிந்துரைக் கடிதத்தை, உங்கள் பிரசங்கத்தைக் கேட்டு, உங்கள் கணக்குவழக்கையும் அறிந்த போதகரிடமிருந்தே வாங்குங்கள். அவர் தயங்கினால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வருட விண்ணப்பத்தை நிறுத்திவையுங்கள்.